பயணம் சொல்ல வந்தவன்

படையல் இலை மடித்துக் கிடந்தது.

ராமநாதன் முதலில் சந்தேகப்பட்டது பூனையை. பூனை சோற்றைத் தின்னும், இலையை மடிக்காது என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் அவருக்கு உறைத்தது. பிறகு மகளைச் சந்தேகப்பட்டார். ஆனால் மூன்று வயது மகள் அவ்வளவு நேரமும் அவர் இடுப்பில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அறைக்கு ஒரே கதவு. அதைச் சாத்தி நாதாங்கி போட்டதும் அவர்தான். செத்தவர் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டு எழும்ப அவகாசம் கொடுத்துக் கால் மணி நேரம் வெளியில் நின்றதும் அவர்தான். முறைப்படி மூன்று தட்டுத் தட்டித் திறந்ததும் அவர்தான். ஜன்னல் கம்பிகள் இருந்தபடியே இருந்தன. வெளியே ஆகஸ்ட் மாதத்து உச்சி வெயில், மாத்தளை ஊர் முழுவதையும் தோசைக்கல்லில் போட்ட மாதிரி வாட்டிக்கொண்டிருந்தது.

மனைவி மங்களேஸ்வரி குனிந்து இலையைப் பிரித்தாள். சோறு இல்லை. குழம்பு இல்லை. இலையோரத்தில், மென்று எடுத்த முருங்கைக்காய்ச் சக்கை நாலு துண்டு, ஈரம் காயாமல், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கியிருந்தது.

"தன் பக்கமா மடிச்சிருக்காரு" என்றாள் மெதுவாக. "அண்ணனுக்கு மனசு நெறஞ்சிருச்சு."

இழவு வீட்டில் சாப்பிட்டவர்கள் இலையை எதிர்ப்பக்கமாக மடிப்பார்கள். கல்யாண வீட்டில்தான் தன் பக்கமாக மடிப்பார்கள். இந்த உறவு இன்னும் வேண்டும் என்று அர்த்தம். மங்களேஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இலையை எடுத்துப் போனாள். ராமநாதன் நாதாங்கியை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். ஏனென்றால் அவளுடைய அண்ணன் இராமையா செத்துப்போனதாக உலகத்தில் யாரும் சொல்லவில்லை. சொன்னவர் ராமநாதன் ஒருவர்தான். அதுவும் அவர் சொந்தமாகக் கட்டிய கதை.

ராமநாதன் மாத்தளை டவுனில் ஒரு கொக்கோ ஸ்டோரில் பெரிய கிளாக்கர். அவருக்குக் கீழே ஒரேயொரு சின்ன கிளாக்கர் இருந்தபடியால் அவர் பெரிய கிளாக்கர். இங்கிலீஷ் பேப்பர் ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ரோட்டில் நடப்பார். ஒரு பேப்பர் ஒரு வாரத்துக்குப் போதும். அவர் பிறந்தது இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில், வரிசை வீட்டின் எட்டாம் நம்பர் காம்பராவில். ஆனால் ஸ்டோர் முதலாளி இராமசாமியிடம் சொல்லி வைத்திருந்தது, துறையூர்ப் பக்கம் தங்கள் குடும்பத்துக்கு நஞ்சை புஞ்சை உண்டு, மாடு கட்டிப் போரடிக்க இடம் போதாமல்தான் பாட்டனார் கடல் தாண்டினார் என்று. இலங்கைப் பிரஜாவுரிமைக் கடதாசி கிடைத்தபோது அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வெள்ளிக்கிழமைகளில் இரண்டுக்கும் சேர்த்துச் சாம்பிராணி.

இந்த ஏற்பாட்டில் இடித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் மைத்துனன் இராமையா. தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். பெண்டாட்டி பிள்ளை இல்லை. மாதம் ஒருமுறை கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வருவான். கதிரையைக் காட்டினால் தரையில் உட்காருவான். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "ராசம்மா, ராசம்மா" என்று நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருப்பான். பிள்ளைக்கு அவன் அம்மாவின் பெயர். ராமநாதன் கூப்பிடுவது ராஜி. ராஜி என்றால் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

அப்புறம் இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து, தோட்டத்துச் சனத்தை இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று பங்கு பிரித்ததில், இராமையா இந்தியாவின் பங்கில் விழுந்தான். பாஸ்போட் வந்தது. ஜூலையில் கப்பல் துறைக்குக் கோச்சி ரயில். போகிறவர்கள் வீடு வீடாக வந்து பயணம் சொல்லிவிட்டுப் போவது தோட்டத்து வழக்கம். போகிற இடத்தில் உறவு இருக்கிறதோ இல்லையோ, விடுகிற இடத்தில் ஒன்றையும் மிச்சம் வைக்கக்கூடாது. இராமையாவும் வருவான். அவனோடு லயமே வரும், ஒப்பாரி வைக்கும், தெருவே எட்டிப் பார்க்கும்.

ராமநாதன் அதற்கு நாலு நாள் முந்தி வீடு மாற்றினார். கோயிலுக்கு மேலே மேட்டுத் தெருவில், கண்ணாடி ஜன்னல் வைத்த ஹோலும் பச்சைக் கேட்டும் உள்ள வீடு. பழைய வீட்டுப் பக்கத்து வீட்டுக்காரி ஸுலைஹாவிடம், தோட்டத்து ஆட்கள் யார் வந்து கேட்டாலும் புது விலாசம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். மங்களேஸ்வரியிடம், அண்ணன் ஸ்டோருக்கே வந்து பயணம் சொன்னான், அவசரம், கோச்சிக்கு ஓடிவிட்டான் என்றார்.

"புள்ளையப் பாக்காமலா போனாரு?" என்று அவள் கேட்டாள். அன்றைக்கு மூன்று தடவை கேட்டாள். மறுநாளும் கேட்டாள்.

ஆகஸ்டில் இந்தியாவிலிருந்து பழைய விலாசத்துக்கு ஒரு கடதாசி வந்தது; தபால்காரன் ஸ்டோரில் கொடுத்துவிட்டுப் போனான். இராமையாவோடு போகவேண்டிய கூட்டத்தின் கங்காணி எழுதியிருந்தார். இராமையா கோச்சிக்கும் வரவில்லை, கப்பலுக்கும் வரவில்லை, தங்கச்சி வீட்டில் தங்கிவிட்டானா, தோட்டத்திலும் இல்லையாம், இருந்தால் உடனே அனுப்பவும். மங்களேஸ்வரிக்கு வாசிக்கத் தெரியாது. ராமநாதன் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

யோசித்தது இதைத்தான். வீடு குடிபுகுந்ததற்கும் பிள்ளைக்குக் காது குத்துவதற்கும் சேர்த்து ஒரு வைபவம் வைத்து, முதலாளியைக் கூப்பிட்டு, தாய்மாமன் ஸ்தானத்தில் அவர் மடியிலேயே பிள்ளையை உட்கார்த்திக் காது குத்திவிட்டால், அப்புறம் மாத்தளையில் ராமநாதனை எவன் லயத்தான் என்பான்? தடையாக நின்றவள் மங்களேஸ்வரி. அண்ணன் உயிரோடு இருக்கையில் மாமன் மடியை வேறொருவருக்குக் கொடுக்க முடியாது என்று முடிவாகச் சொல்லிவிட்டாள்.

ஆகவே ராமநாதன் கடதாசியை உரக்க வாசித்தார். மண்டபம் முகாமில் காய்ச்சல் கண்டு, மூன்றாம் நாள் தங்கச்சி பெயரைச் சொல்லிக்கொண்டே இராமையா கண்ணை மூடினான் என்று வாசித்தார். கடைசி வரியில் அவரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவ்வளவு உருக்கமாக வாசித்தார்.

படையல் போடவேண்டும் என்று அவள் அழுதபோது தடுக்க வழியில்லை. சோறு பரிமாறி, விளக்கேற்றி, அவள் அந்த ஆளில்லாத இலைக்கு முன்னால் உட்கார்ந்து வழக்கப்படி பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நாங்க வீடு மாறிட்டோம்ணே. கோயிலுக்கு மேல, மேட்டுத் தெரு, பச்சைக் கேட்டு. வந்து சாப்பிடுண்ணே."

அவர் ஊரெல்லாம் மறைத்து வைத்த விலாசத்தை அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

இலை மடிந்த மூன்றாம் நாள் பின்னேரம் ராமநாதன் ஸ்டோரிலிருந்து வந்து ஹோலில் கால் வைத்தபோது, நனைந்த கம்பளியின் வாடை அடித்தது. மழையில் ஊறிய ஆட்டு மயிர், அடுப்புப் புகை, கொழுந்துச் சாறு எல்லாம் சேர்ந்து புளித்த அந்த வாடையை அவர் நாற்பது வயது தாண்டியும் மறக்கவில்லை. மறக்கத்தான் இத்தனை பாடு. மழை பெய்து ஐந்து வாரம். பைப்பில் தண்ணீர் காலையில் அரை மணி நேரம்தான். ராமநாதன் கதிரை கதிரையாகக் குனிந்து முகர்ந்தார். கதிரைகளில் இல்லை. ஹோலின் மூலையில், சுவரோரம், தரையிலிருந்து வந்தது. அந்த இடத்தில் சீமெந்து தொட்டால் சில்லென்றிருந்தது. அவருக்கு அப்போது வந்த பயம் பேய்ப் பயம் அல்ல. முதலாளி வருகிற அன்றைக்கும் இந்த வாடை இருந்தால் என்ன செய்வது என்ற பயம். ஓடிக்கொலோன் போத்தலில் பாதியை அங்கே ஊற்றினார். வாடை அதையும் குடித்துவிட்டு இன்னும் கனமாக எழும்பியது.

அடுத்த நாள் ஞாயிறு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தெரு முழுக்கக் கதவு சாத்திப் படுத்திருந்த நேரம். தூக்கம் வராமல் ராமநாதன் ஹோலுக்கு வந்தார். பிள்ளை அந்த மூலையில் கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு தீப்பெட்டியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி இருந்தது. அவள் அந்த இடைவெளியில் நன்றாகச் சாய்ந்திருந்தாள். தலை பின்னால் சரிந்து, உடம்பு முழுப் பாரத்தையும் போட்டு, சாய்வு நாற்காலியில் கிடப்பது போல. ஒரு பிள்ளை அப்படிச் சாய முடியாது. விழும்.

"ராஜி."

திரும்பவில்லை.

"ராசம்மா."

திரும்பினாள். "மாமாவுக்குக் காலு வலிக்குதாம்ப்பா. எல்லா வீட்டுலயும் கேட்டாராம். நெறையத் தூரம் நடந்தாராம்."

அவர் அவளைத் தூக்கினார். ஒரு நொடி, அவள் வரவில்லை. மறுபக்கம் யாரோ பிடித்திருந்த மாதிரி, பலமாக அல்ல, இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே என்று உறவுக்காரர்கள் பிடிப்பார்களே, அப்படி. பிறகு விட்டது. பிள்ளையின் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஸுலைஹா வந்தாள். மனசு கேட்காமல் வந்ததாகச் சொன்னாள். மங்களேஸ்வரி குசினியில் இருந்தாள். ஸுலைஹா உட்காராமல், தலைத்துண்டின் முனையை விரலில் சுற்றிக்கொண்டு, ராமநாதனிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

வீடு மாறிய நாலாம் நாள் இராமையா வந்தானாம். பூட்டிய கதவின் படியில் மூன்று நாள் இருந்தானாம். பகலில் தெருத் தெருவாகப் போய், கதவு கதவாகத் தட்டி, கிளாக்கர் வீடு எது என்று கேட்டானாம். பின்னேரம் தூறலில் நனைந்துகொண்டு திரும்பி வந்து கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு குந்துவானாம். அவள் சோறு கொடுத்தாளாம். கோச்சி போகும் நாள் வந்ததாம். நேரமாகிறது, போங்கள் என்றாளாம். எழும்பவில்லையாம்.

"நீங்க விலாசம் செல்லவேணாம்டு செல்லினீங்க கிளாக்கர் ஐயா, நான் செல்லல்ல. அவரு கேட்டது ஒண்டுதான். மருமகப் புள்ளைய ஒருக்காப் பாக்காமப் போகமாட்டேன்டாரு. நாலாம் நாள் விடிய கதவத் தெறந்தேன். ஆள் இல்ல. படி மட்டும் ஈரம். அது இண்டைக்கும் காயல்ல."

குசினி வாசலில் மங்களேஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று ராமநாதனுக்குத் தெரியவில்லை. கையில் அகப்பை. அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, அலுமாரியைத் திறந்து, அந்த இந்தியக் கடதாசியை எடுத்து ஸுலைஹாவிடம் நீட்டினாள்.

"ராத்தா, இத வாசிங்க."

ஸுலைஹா வாசித்தாள். எழுத்துக்கூட்டி, உள்ளபடி.

ராமநாதன் அழுகையை எதிர்பார்த்தார். சண்டையை எதிர்பார்த்தார். இரண்டுக்கும் பதில் வைத்திருந்தார். அவள் ஸுலைஹாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, கேட்டு வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை. தினமும் உச்சிப்பொழுதுக்கு ஹோல் மூலையில் ஒரு இலை போட்டாள். கதவைச் சாத்துவதில்லை. தட்டுவதுமில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே இலை மடிந்தது. விரல் இல்லாமல், அவசரமில்லாமல், தன் பக்கமாக.

அவர் செய்திருக்கக்கூடியது ஒன்று இருந்தது. அந்த மூலைக்கு முன்னால் உட்கார்ந்து, நான்தான் உன்னை அலைய விட்டேன், பிள்ளையை விட்டுவிடு என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். ஒருநாள் மத்தியானம் அதற்காகவே உட்கார்ந்தும் விட்டார். ஆனால் தரையில் உட்கார்ந்தால் கால்சட்டை மடிப்புக் கலையும் என்று குந்தியிருந்தார். கண்ணாடி ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக்காரர் பார்ப்பது போலிருந்தது. எழுந்துகொண்டார். அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது. 'தாய்மாமன் ஸ்தானத்தில்: வர்த்தகப் பிரமுகர் உயர்திரு. இராமசாமி அவர்கள்' என்று பொன் மையில்.

வைபவத்துக்கு முதல்நாள் அவர் மனைவியிடம் கெஞ்சினார். இலை போடுவதை நிறுத்து, நாளை ஒருநாளாவது நிறுத்து என்றார். ஸுலைஹா வந்துபோன பிறகு அவள் முதல் தடவையாக அவரைப் பார்த்துப் பேசினாள்.

"எங்கண்ணன் செத்தாரா இருக்காரான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஆனா வந்துட்டாரு. மடி அவருக்குத்தான்."

காலை ஒன்பதரைக்கு முகூர்த்தம். வெயில் ஏறிவிட்டது. வாசலில் வாழைமரம், ஹோலில் ஜமுக்காளம். ஸ்டோர் ஆட்கள் ஏழெட்டுப் பேர், சின்ன கிளாக்கர், எதிர்வீட்டுக்காரர், காது குத்த வந்த பத்தர். உறவு என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. நடுவில் மணைப்பலகை போட்டு, அதன்மேல் வெள்ளை வேட்டி விரித்திருந்தது. முதலாளி வரவில்லை. பெரிய மனிதர்கள் நேரத்துக்கு வருவது மரியாதையில்லை என்று ராமநாதன் விளக்கிக்கொண்டிருந்தார். வாடை அடித்தது. எல்லோருக்கும் அடித்தது. யாரும் சொல்லவில்லை.

பத்தர் நேரம் போகிறது என்றார்.

மங்களேஸ்வரி பிள்ளையை இறக்கி விட்டாள். "போ ராசம்மா. மாமா மடியில உக்காரு."

பிள்ளை மணைக்குப் போனாள். மடியில் உட்காரப் போகிற பிள்ளைகள் செய்வது போல, முதுகைக் காட்டித் திரும்பினாள். பின்னால் சாய்ந்தாள். உட்கார்ந்தாள்.

பலகையில் அல்ல.

பலகைக்கு ஒரு சாண் மேலே. கால்கள் தொங்கின. வெள்ளிக் கொலுசு மெல்ல ஆடியது. கீழே, வேட்டி ஒரு ஆளின் பாரத்தில் அமுங்கி, ஓரமெல்லாம் ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

யாராவது கத்தியிருந்தால் ராமநாதனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். யாரும் கத்தவில்லை. சின்ன கிளாக்கர் வாயில் போட்ட லட்டை மெல்லாமல் நின்றான். எதிர்வீட்டுக்காரர் செருப்பைத் தேடினார்.

"குத்துங்க பத்தரே" என்றாள் மங்களேஸ்வரி.

பத்தர் ஊசியை எடுத்தார். அவர் காதை மட்டும் பார்த்தார். காதை மூடியிருந்த முடி, தானாக விலகி, ஒதுங்கி நின்றது. ஊசி போனது. பிள்ளை அழவில்லை. தலையைச் சாய்த்து, பின்னாலிருந்து யாரோ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரித்தாள்.

ராமநாதன் ஒரு அடி எடுத்து வைத்தார். பிள்ளையைப் பிடிக்க. அவ்வளவுதான் வேண்டியது. நாலு அடி.

வெளியில் கார் ஹோர்ன் அடித்தது.

பதினைந்து வருஷப் பழக்கம். கால் திரும்பிவிட்டது. அவர் கேட்டில் நின்றார். கையில் மாலை. எப்படி வந்தது என்று தெரியவில்லை. வாங்க முதலாளி, வாங்க என்று வாய் சொன்னது. முதலாளி இராமசாமி டயர் காற்றுப் போன கதையைச் சொன்னார். ராமநாதன் சிரித்தார். மாலையைப் போட்டார். முதலாளிக்குத் தடித்த கழுத்து. மாலை காதில் மாட்டியது. சரி செய்தார்.

பின்னால் மங்களேஸ்வரியின் குரல் கேட்டது. கத்தலில்லை. முதலில் கேட்டுக்கொள்கிற குரல்தான்.

"பாத்தாச்சில்லண்ணே. எறக்கி விடு."

பிறகு, "எறக்கி விடுண்ணே."

அவர் திரும்பினார்.

பிள்ளை வாசலுக்கு வந்துகொண்டிருந்தாள். தரையில் அல்ல. ஒரு ஆளின் தோள் உயரத்தில். நிலைப்படி வந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். படி மூன்று. ஒவ்வொரு படிக்கும் உடம்பு ஒருமுறை குலுங்கியது. ஒரு கையால் எதையோ கொத்தாகப் பிடித்திருந்தாள். மங்களேஸ்வரி பின்னால். இரண்டு கையும் மேலே. கால்களைப் பிடிக்கிறாள். பிடி நழுவுகிறது. மறுபடி பிடிக்கிறாள்.

முதலாளி ஒதுங்கி வழி விட்டார். அவர் வாழ்க்கையில் எந்தத் தோட்டத்தானுக்கும் வழி விட்டதில்லை. ஏன் விட்டோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

ராமநாதன் கேட்டை மறித்துக் கை விரித்தார். முகத்தில் ஈரக் கம்பளி மோதியது. குளிர். எலும்பு வரைக்கும் குளிர். நெரிசலில் மூட்டையோடு போகிற ஒருவன் விலக்குவது போல, கோபமில்லாமல், ஒரு தோள் அவரை விலக்கியது. அவர் கேட்டோரத்துச் சாக்கடைக் கானுக்குள் விழுந்தார். கண்ணாடி போயிற்று. "இராமையா, நான்தான்" என்றார். "நான்தான் சொல்ல வேணாம்னேன்." யாருக்கும் கேட்கவில்லை. மங்களேஸ்வரி அவரைத் தாண்டி ஓடினாள்.

மேட்டுத் தெரு ஸ்டேஷன் பக்கமாகச் சரிவாக இறங்கும். பட்டப்பகல். கடைக்காரர்கள், சாக்குச் சுமப்பவர்கள், குடை பிடித்த பெண்கள். எல்லோரும் பேச்சை நிறுத்தாமலே ஒரு பக்கமாக ஒதுங்கினார்கள். நடுவில், ஆள் இல்லாத ஆள் உயரத்தில், ராசம்மா போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. குத்திய காதிலிருந்து ஒரு துளி ரத்தம் சொட்டியது. அது ரோட்டில் விழவில்லை. அவள் தொடைக்குப் பக்கத்தில், வெறும் வெயிலில், கம்பளியில் விழுந்த மாதிரி நின்று, மெல்ல ஊறிப் படர்ந்தது. இன்னொரு துளி. அந்தச் சிவப்புத் திட்டு உள்ளங்கை அளவுக்கு விரிந்து, காற்றில் தொங்கியபடியே, ஒவ்வொரு எட்டுக்கும் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போனது.